வகுப்பறையில் பாலினச் சமத்துவம்: வருகைப் பதிவேடு சொல்லாத கணக்கு

தொடக்கப் பள்ளியில் பாலினச் சமத்துவம் என்று பேச்செடுத்தால், பெரும்பாலும் மூன்று விடைகளில் ஒன்று கிடைக்கிறது. "எங்கள் பள்ளியில் பெண் குழந்தைகள்தான் அதிகம், இங்கே அந்தப் பிரச்சினையே இல்லை" என்பார் ஒருவர். "ஆண், பெண் என்று நான் பார்ப்பதே கிடையாது, எல்லோரும் என் பிள்ளைகள்தான்" என்பார் இன்னொருவர். "ஏழு வயதுப் பிள்ளைகளிடம் போய் இதையெல்லாம் ஏன் பேச வேண்டும்?" என்று கேட்பார் மூன்றாமவர். மூவரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் முதலாமவர் எண்ணிக்கையையே சமத்துவம் என்று எடுத்துக்கொள்கிறார். இரண்டாமவர் தம் எண்ணத்தைத் தம் செயலுக்குச் சான்றாகக் கொள்கிறார். மூன்றாமவரோ, பெரியவர்கள் வாய் திறக்காத வரையில் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று நம்புகிறார். இந்தக் கட்டுரை, வகுப்பறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது, அது எந்த வழியாகக் குழந்தையின் கற்றலைத் தொடுகிறது என்பதை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறது.

பந்தியும் வகுப்பும்

ஒரு கல்யாணப் பந்தியை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் இலை போட்டாயிற்று. எல்லோருக்கும் ஒரே சமையல். பரிமாறுபவர் சாம்பார் வாளியோடு வரிசையில் வருகிறார். கை நீட்டிக் கூப்பிடுபவரின் இலையில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் விழுகிறது. கூச்சத்தோடு தலைகுனிந்து சாப்பிடுபவரைக் கடந்து வாளி போய்விடுகிறது. பரிமாறுபவருக்கு யார் மீதும் வஞ்சம் இல்லை. குரல் வந்த பக்கம் திரும்பினார், அவ்வளவுதான். பந்தி முடிந்த பின் கேட்டால், எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் போட்டேன் என்று மனதாரச் சொல்வார்.

வகுப்பறையில் பரிமாறப்படுவது ஆசிரியரின் கவனம். யாரிடம் கேள்வி கேட்கிறார், விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், தவறான விடையை எப்படித் திருத்துகிறார், எந்த வேலையை யாரிடம் ஒப்படைக்கிறார் என்பவையெல்லாம் அந்தக் கவனத்தின் வடிவங்கள். இவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

பதிவேட்டில் ஏறுவது சேர்க்கை எண்ணிக்கை. பள்ளியில் சேரும் பெண் குழந்தைகளின் விகிதத்தை ஆண் குழந்தைகளின் விகிதத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பாலினச் சமநிலைக் குறியீடு என்று பெயர். அது 0.97க்கும் 1.03க்கும் இடையில் இருந்தால் சமநிலை எட்டப்பட்டதாக யுனெஸ்கோ கொள்கிறது. இந்தியாவின் தொடக்க நிலை வகுப்புகளில் ஆண், பெண் சேர்க்கைக்கு இடையிலான வேறுபாடு பெருமளவு மறைந்துவிட்டது. நடந்து போகும் தூரத்தில் பள்ளி, மதிய உணவு, கட்டணமில்லாக் கல்வி என்று பல தலைமுறை உழைப்பில் கிடைத்த இந்த வெற்றியைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அது இலைகளின் கணக்கு. பாலினச் சமத்துவம் என்பது, ஒரு குழந்தை ஆணா பெண்ணா என்ற செய்தி, அதற்குக் கிடைக்கும் கற்கும் வாய்ப்பையோ அதனிடம் வைக்கப்படும் எதிர்பார்ப்பையோ முடிவு செய்யாத நிலை.

சுருக்கமாக: சமநிலையைச் சேர்க்கையை எண்ணி அறியலாம், சமத்துவத்தை அறிய, பாடம் நடக்கும்போது வகுப்பில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும்.

ஐந்து வயதுக்கும் ஆறு வயதுக்கும் நடுவில்

குழந்தைக்கு இதெல்லாம் தெரியாது என்ற நம்பிக்கையை 2017இல் சயின்ஸ் ஆய்விதழில் வெளிவந்த ஓர் ஆய்வு அசைத்தது. அமெரிக்காவில் லின் பியான், சாரா ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் ஆகியோர் சிறு குழந்தைகளிடம், "மிக மிகப் புத்திசாலியான" ஒருவரைப் பற்றிய கதையை, அவர் ஆணா பெண்ணா என்று சொல்லாமல் சொல்லி, படங்களில் உள்ளவர்களில் அவர் யாராக இருக்கும் என்று கேட்டார்கள். ஐந்து வயதில் பெண் குழந்தைகள் பெண்ணையும், ஆண் குழந்தைகள் ஆணையும் ஏறத்தாழ ஒரே அளவில் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதுக்கு வந்ததும், தம் பாலினத்தவரைக் காட்டும் பெண் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள். ஆனால் பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்குவது யார் என்று கேட்டபோது, அதே வயதுப் பெண் குழந்தைகள் பெண்களைக் காட்டத் தயங்கவில்லை. அதாவது மதிப்பெண் பெண்களுக்கு, மூளை ஆண்களுக்கு என்ற பங்கீடு அவர்கள் மனதில் அதற்குள் நடந்துவிட்டிருந்தது. நம் ஊர்க் கணக்கில் இது ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு வயது.

ஒரு குழுவைச் சேர்ந்த எல்லோரும் இப்படித்தான் இருப்பார்கள் என்று ஆளைப் பார்க்கும் முன்பே முடிவு செய்யும் எண்ணத்தை வார்ப்பு எண்ணம் என்று குறிப்பிடலாம். இது மாறக்கூடியதுதான் என்பதற்கும் சான்று உண்டு. விஞ்ஞானி ஒருவரை வரையச் சொல்லும் சோதனையின் முடிவுகளை டேவிட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்டார். 4,807 குழந்தைகளில் பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர் மட்டுமே, அந்த 28 பேரும் பெண் குழந்தைகள். பின்னாளில் அமெரிக்காவில் இதே சோதனையைப் பயன்படுத்திய பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 1980களுக்குப் பிறகு பெண் விஞ்ஞானியின் படங்கள் சராசரியாக 28 விழுக்காடு வரை உயர்ந்திருந்தன. குழந்தைகள் தம்மைச் சுற்றி எதைப் பார்க்கிறார்களோ அதையே வரைகிறார்கள். சூழல் மாறினால் படமும் மாறுகிறது.

தனியாகப் பிரிக்கும்போது என்ன ஆகிறது?

நம் பள்ளிகளில் மிகச் சாதாரணமாகத் தோன்றும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஆண் பிள்ளைகள் ஒரு பக்கம், பெண் பிள்ளைகள் மறுபக்கம். வருகைப் பதிவேட்டில் முதலில் ஆண்கள், பிறகு பெண்கள். இறைவணக்கத்திற்குத் தனி வரிசை, வாய்ப்பாடு ஒப்பிக்கத் தனி அணி, "யார் நல்லா சொல்றீங்கன்னு பார்ப்போம், பாய்ஸா கேர்ள்ஸா?" என்ற போட்டி. யாருக்கும் கெடுதல் செய்யும் எண்ணம் இதில் இல்லை. வகுப்பை அடக்கி நடத்த இது ஒரு வசதி.

இந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறதா என்பதை ரெபெக்கா பிக்லர் என்ற உளவியலாளர் 1995இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்துப் பார்த்தார். கோடைக்காலப் பள்ளி ஒன்றில் தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகளைச் சில வகுப்புகளாகப் பிரித்தார். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் இருக்கை, அறிவிப்புப் பலகை, அழைக்கும் முறை எல்லாவற்றிலும் ஆண், பெண் என்ற பிரிவைப் பயன்படுத்தினார்கள். ஆனால் எந்தப் பக்கமும் உயர்வு தாழ்வு சொல்லவில்லை. சில வாரங்களில் அந்த வகுப்புக் குழந்தைகளிடம், குறிப்பாகப் பொருள்களைப் பலவிதமாக வகைப்படுத்தும் திறன் இன்னும் முதிராத குழந்தைகளிடம், வார்ப்பு எண்ணங்கள் கூடியிருந்தன. அடுத்த ஆய்வில் பிக்லரும் உடன் ஆய்வாளர்களும் பாலினத்தையே விட்டுவிட்டு, நீலச் சட்டை, மஞ்சள் சட்டை என்று இரண்டு குழுக்களை உண்டாக்கினார்கள். ஆசிரியர் அந்த நிறத்தை வைத்து வகுப்பை நடத்திய இடங்களில், குழந்தைகள் தம் நிறத்தவரே மேல் என்று நினைக்கத் தொடங்கினார்கள். ஆசிரியர் நிறத்தைக் கண்டுகொள்ளாத இடத்தில் அப்படி நடக்கவில்லை.

இயக்கம் இதுதான். குழந்தை உலகத்தை வகைபிரித்துப் புரிந்துகொள்ள முயல்கிறது. எந்த வகைப்பாடு முக்கியம் என்பதைப் பெரியவர்கள் எதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்பதிலிருந்து ஊகிக்கிறது. ஆசிரியர் நாள் முழுதும் ஒரு பிரிவைப் பயன்படுத்தினால், இதற்குள் ஏதோ பெரிய வித்தியாசம் இருக்க வேண்டும் என்று குழந்தை முடிவு செய்து, அந்த வித்தியாசம் என்ன என்பதைத் தானே நிரப்பிக்கொள்கிறது. நிரப்புவதற்கான சரக்கு வீட்டிலும் தெருவிலும் தொலைக்காட்சியிலும் ஏராளமாகக் கிடைக்கிறது.

இதன் உச்சம், சேட்டை செய்யும் பையனைப் "பொண்ணுங்க பக்கத்துல போய் உட்காரு" என்று அனுப்பும் தண்டனை. அடியில்லை, வசவில்லை, ஆகவே மென்மையான தண்டனை என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில், அடிக்கு அடுத்தபடியாகத் தொடக்கப் பள்ளியிலிருந்து முதலில் விரட்டப்பட வேண்டியது இதுதான். பெண்ணின் பக்கத்தில் உட்கார்வது இழிவு என்பதை அந்தப் பையனுக்கு மட்டுமல்லாமல் மொத்த வகுப்புக்கும், தன் இருக்கையே தண்டனைக் கூண்டாகிப் போன அந்தப் பெண் குழந்தைக்கும் சேர்த்து அது கற்பிக்கிறது.

பாடநூலில் எழுதப்படாமல், பள்ளி நடக்கும் விதத்தின் வழியே குழந்தை கற்றுக்கொள்ளும் இத்தகைய பாடங்களை மறைமுகப் பாடத்திட்டம் என்று கல்வியாளர்கள் அழைக்கிறார்கள். 1968இல் அமெரிக்கக் கல்வியாளர் பிலிப் ஜாக்சன் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெருக்கவும் கோலம் போடவும் பெண் பிள்ளைகளையும், பெஞ்சு தூக்கவும் கடைக்குப் போகவும் ஆண் பிள்ளைகளையும் கூப்பிடுவது இந்தப் பாடத்திட்டத்தின் அன்றாடப் பயிற்சி.

கேள்வி எந்தப் பக்கம் போகிறது?

மைரா சாட்கர், டேவிட் சாட்கர் என்ற அமெரிக்கத் தம்பதியர் 1980களில் நூற்றுக்கும் மேற்பட்ட வகுப்புகளை நேரில் கவனித்துப் பதிவு செய்தார்கள். ஆசிரியரின் கவனம் ஆண் பிள்ளைகளின் பக்கம் கூடுதலாகப் போனது என்பது அவர்களின் முதன்மையான முடிவு. கைதூக்காமல் விடையைக் கூவியவன் பையன் என்றால் அந்த விடை பெரும்பாலும் ஏற்கப்பட்டது. அதையே பெண் குழந்தை செய்தால், கைதூக்கிப் பேசும்படி திருத்தம் வந்தது. இந்த ஆய்வின் சில எண்கள் பிற்பாடு சர்ச்சைக்கு உள்ளாயின. ஆகவே எண்களை விட்டுவிட்டு, அவர்கள் கவனித்த முறையை எடுத்துக்கொள்வதே எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. குழந்தை விடை சொன்னதும் ஆசிரியர் செய்வதை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள்: பாராட்டுதல், "சரி" என்று கடந்துபோதல், மேலும் யோசிக்க உதவுதல், தவறு என்று கண்டித்தல். இவற்றில் கற்றல் நடப்பது பெரும்பாலும் மூன்றாவதில். "எப்படி இந்த விடை வந்தது? இன்னொரு தடவை போட்டுப் பார்" என்று சொல்லி நிற்கும் அந்த அரை நிமிடம் யாருக்குக் கிடைக்கிறது என்பதே கேள்வி. நல்ல பிள்ளை என்று பெயரெடுத்த அமைதியான பெண் குழந்தைக்குப் பெரும்பாலும் கிடைப்பது "சரி, உட்கார்."

நம் வகுப்புகளில் இதை மறைத்துவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அது கூட்டாக விடை சொல்வது. "எல்லோரும் சேர்ந்து சொல்லுங்க" என்றதும் வகுப்பு அதிர விடை வரும். ஆசிரியருக்கு எல்லோருக்கும் புரிந்தது போன்ற நிறைவு. அந்த ஒலியில் யார் வாய் மட்டும் அசைந்தது என்பது தெரிவதில்லை.

இங்கே காத்திருப்பு நேரம் என்ற கருத்து முக்கியமாகிறது. ஆசிரியர் கேள்வி கேட்டு முடித்ததற்கும், தாமே விடை சொல்வதற்கோ வேறொருவரைக் கூப்பிடுவதற்கோ இடைப்பட்ட அமைதி அது. தொடக்க வகுப்பு அறிவியல் பாடங்களை ஆராய்ந்த மேரி பட் ரோ, அந்த அமைதி சராசரியாக ஒரு நொடி அளவுதான் நீடிக்கிறது என்று 1970களில் காட்டினார். அதை மூன்று நொடிகளுக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, அதுவரை பேசாத குழந்தைகளும் பேசினார்கள். அவர் ஆராய்ந்தது பாலினத்தை அல்ல. ஆனால் ஒரு நொடிக்குள் முந்திக்கொண்டு கூவுபவருக்கே வகுப்பு சொந்தம் என்றால், கூவாதே என்று வீட்டிலேயே பழக்கப்பட்டு வரும் குழந்தை தோற்பது நிச்சயம். மூன்று நொடி அமைதிக்குச் செலவு எதுவும் இல்லை. ஆசிரியருக்குத்தான் அது முதலில் யுகமாகத் தெரியும்.

திட்டுக்குள் ஒளிந்திருக்கும் செய்தி

கரோல் ட்வெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வு, நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் ஆசிரியர்களின் திட்டையும் பாராட்டையும் பிரித்துப் பார்த்தது. ஆண் பிள்ளைகள் அதிகம் திட்டு வாங்கினார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி ஒழுங்கு, கையெழுத்து, கவனமின்மை பற்றியது. பெண் பிள்ளைகள் குறைவாகவே திட்டு வாங்கினார்கள். ஆனால் அது பெரும்பாலும் விடையின் தவறு பற்றியது. பாராட்டில் இது தலைகீழ்: பெண் பிள்ளைகளுக்குக் கிடைத்த பாராட்டில் அழகாக எழுதியதற்கும் நேர்த்தியாக முடித்ததற்கும் கணிசமான பங்கு இருந்தது.

இதைக் குழந்தையின் காதில் கேட்டுப் பாருங்கள். "உனக்கு மூளை இருக்கு, முயற்சிதான் இல்லை" என்ற வாக்கியத்தை நம் ஊரில் யாரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறோம்? அதைக் கேட்கும் பையன், தோல்விக்குக் காரணம் தன் சோம்பல் என்று எடுத்துக்கொள்கிறான். முயன்றால் வந்துவிடும் என்ற வழி அவனுக்குத் திறந்திருக்கிறது. ஒழுங்காக உட்கார்ந்து, அழகாக எழுதி, அப்போதும் கணக்கு தவறாகிவிட்ட பெண் குழந்தைக்கு அந்த வழி இல்லை. முயற்சி குறைவில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு, மிஞ்சுவது தனக்குத் திறமை இல்லை என்ற முடிவுதான். பார்க்கப் போனால் அதிகம் திட்டு வாங்கியவன் பையன். ஆனால் ஆழமாகக் காயப்பட்டவள் பெண்.

சுருக்கமாக: கவனம் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதோடு, அது எதைப் பற்றிய கவனம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆசிரியரின் கணக்குப் பயம்

சொல்லாத ஒன்றும் வகுப்பில் பரவும். அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் கற்பித்த 17 பெண் ஆசிரியர்களையும் அவர்களின் மாணவர்களையும் சியான் பைலாக்கும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கல்வியாண்டு முழுதும் தொடர்ந்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்டின் தொடக்கத்தில் ஆசிரியரின் கணக்குப் பயத்துக்கும் குழந்தைகளின் கணக்குத் தேர்ச்சிக்கும் தொடர்பில்லை. ஆண்டின் முடிவில், பயம் அதிகமுள்ள ஆசிரியர்களிடம் படித்த பெண் குழந்தைகள், கணக்கு ஆண்களுக்கு, வாசிப்பு பெண்களுக்கு என்று நம்பும் போக்கு கூடியிருந்தது. அப்படி நம்பியவர்களின் கணக்குத் தேர்ச்சியும் குறைந்திருந்தது. ஆண் குழந்தைகளிடம் இந்த விளைவு இல்லை.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளிலும் பெண் ஆசிரியர்களே பெரும்பான்மை என்பதால் இதைக் கவனத்தோடு படிக்க வேண்டும். இது பெண் ஆசிரியர்கள் மீதான குற்றச்சாட்டு அல்ல. அந்த ஆய்வில் ஆண் ஆசிரியர்களே இல்லாததால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. முந்தைய தலைமுறையின் வகுப்பறை ஒரு சிறுமிக்குக் கொடுத்த பயம், அவர் ஆசிரியராகி நின்ற பிறகும் அவரோடு வருகிறது என்பதே இதன் பொருள். "எனக்கும் கணக்குன்னா கொஞ்சம் பயம்தான்" என்று குழந்தையைத் தேற்றுவதற்காகச் சொல்லும் சொல், தேற்றுவதைவிடக் கூடுதலாக ஏதோ செய்துவிடுகிறது.

பாடநூல்

பொதுவெளியில் அதிகம் பேசப்படுவது பாடநூல்தான். அதனால் இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் வேண்டுமா என்பதை ஆராய 1962இல் அமைக்கப்பட்ட ஹன்சா மேத்தா குழு, பள்ளியில் பொதுவான பாடத்திட்டமே வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பெண் சமத்துவத்துக்கான கருவியாகக் கல்வியைப் பயன்படுத்துவது பற்றி வெளிப்படையாகப் பேசியது. 2024இல் கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் புதிய பாடநூலில், அடுக்களையில் தந்தை உட்கார்ந்து தேங்காய் துருவும் படம் வந்தபோது நாடெங்கும் செய்தியானது. தேங்காய் துருவுவது செய்தியாகும் அளவுக்கு நம் பழைய படங்கள் இருந்திருக்கின்றன! எனினும், அந்தப் படத்தைக் காட்டிவிட்டு, மதியம் தட்டுக் கழுவும் இடத்தைச் சுத்தம் செய்யப் பெண் பிள்ளைகளை மட்டும் அனுப்பினால், குழந்தை எதை நம்பும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விளையாட்டு வேளை

இடைவேளையில் மைதானத்தைப் பார்த்தால் நடுவில் கிரிக்கெட், ஓரத்தில் பெண் பிள்ளைகள். இதை விருப்பம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ள வளையன்சிறங்கரா அரசுத் தொடக்கப் பள்ளி, ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே மாதிரி முக்கால் கால்சட்டையும் சட்டையும் சீருடையாக்கியபோது, அதற்குச் சொல்லப்பட்ட காரணம் மிக எளியது: பாவாடை விலகுமோ என்ற கவலை இல்லாமல் பெண் குழந்தைகளும் ஓடவும் ஏறவும் குதிக்கவும் வேண்டும். விருப்பம் என்று நாம் நினைத்தவற்றில் ஒரு பகுதி உடையின் தடையாக இருந்திருக்கலாம்.

ஆண் குழந்தைகளுக்கு இதில் என்ன?

பாலினச் சமத்துவம் என்றால் பெண் குழந்தைகளுக்கு மட்டுமான சலுகை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நான்காம் வகுப்புக் குழந்தைகளின் வாசிப்பை அளவிடும் பிர்ல்ஸ் என்ற பன்னாட்டுத் தேர்வில், கலந்துகொள்ளும் நாடுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் ஆண் குழந்தைகள் பின்தங்குகிறார்கள். கதை படிப்பதும் அமைதியாக உட்கார்வதும் பெண் தன்மை என்ற வார்ப்பு எண்ணத்துக்கு இதில் பங்கிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்திருக்கிறது. அப்படியிருந்தும் "ஆம்பளப் பையன், ரெண்டு அடி வாங்கினாத்தான் திருந்துவான்" என்ற பேச்சு ஓயவில்லை. விழுந்து முட்டி சிராய்த்து அழும் ஆறு வயதுச் சிறுவனிடம் "பொம்பளப் பிள்ளை மாதிரி அழுவியா?" என்று கேட்பது, ஒரே வாக்கியத்தில் இரண்டு பாலினத்தையும் சிறுமைப்படுத்துகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

தனிப் பாடவேளையோ நிதியோ இதற்குத் தேவையில்லை. தேவைப்படுவது, தம் வகுப்பைத் தாமே எண்ணிப் பார்க்கும் துணிச்சல். உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரைப் பின்வரிசையில் உட்காரவைத்து, வகுப்பின் இருக்கை வரைபடத்தை அவர் கையில் கொடுங்கள். கேள்வி போன இடத்தில் ஒரு கோடு, "எப்படி யோசித்தாய்?" என்று தொடர்ந்து கேட்ட இடத்தில் ஒரு வட்டம், ஒழுங்குக்காகப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடத்தில் ஒரு பெருக்கல் குறி. ஒரு பாடவேளை முடிந்ததும் அந்தத் தாள் பல செய்திகளைச் சொல்லும். சில வகுப்புகளில் ஆண், பெண் வேறுபாடே தெரியாமல், முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையிலான வேறுபாடு தெரியலாம். அதுவும் அறிய வேண்டியதுதான்.

வேறுபாடு தெரிந்தால் மருந்து எளியது. எல்லாப் பெயர்களையும் குச்சிகளில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, எடுத்த பெயரிடம் கேள்வி கேட்கலாம். அப்போது கூவும் குரலுக்கு வேலையில்லை. இருக்கைகளை வாரந்தோறும் மாற்றி, அணிகளை ஆண், பெண் என்று பிரிக்காமல் மலர்களின் பெயரிலோ ஊர்களின் பெயரிலோ பிரிக்கலாம். பெருக்குதல், பெஞ்சு தூக்குதல், தண்ணீர் பிடித்தல், கரும்பலகை துடைத்தல் எல்லாவற்றையும் சுழற்சிப் பட்டியலில் ஏற்றிச் சுவரில் ஒட்டலாம். பெற்றோர் ஒருவர் வந்து "என் மகனைப் பெருக்கச் சொன்னீங்களா?" என்று கேட்கக்கூடும். அப்போது அந்தப் பட்டியலையே காட்டலாம். அவர் மகனின் பெயருக்கு மேலும் கீழும் இருக்கும் பெயர்களை அவரே படித்துக்கொள்வார்.

ஒரு மாதம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். ஆனால் இம்முறை வேறொரு பாடத்தில். தமிழ் வகுப்பில் சமமாகப் போகும் கேள்விகள் கணக்கு வகுப்பில் ஒரு பக்கம் சாய்வதும், கணக்கில் சரியாக இருப்பவை தமிழ் வகுப்பில் ஆண் பிள்ளைகளைத் தாண்டிப் போவதும் உண்டு. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான், தம் வகுப்பில் திருத்த வேண்டியது எது என்பது அந்த ஆசிரியருக்குத் தெரியவரும்.